31 லேப்டாப், இணையம் கிடையாது: பைத்தான் குழுவின் இரண்டாவது பயிலரங்கம்

இரண்டாவது முறை தேறிவிட்டது. 31 லேப்டாப் வந்தன. சாமான்கள் வைத்த பெட்டியைத் திறந்த 40-வது நிமிடத்தில் 27-ல் பைத்தான் என்ற நிரலாக்க மொழி ஓடியது. எட்டு மாதத்துக்கு முன் நடந்த முதல் பயிலரங்கில் வந்தவை 34. இரண்டரை மணி நேரம் மல்லுக்கட்டியும் அன்று ஓடியது ஒன்பதுதான். நடுவில் என்னென்ன மாற்றினோம், எவ்வளவு செலவானது, எது இன்னும் சரியாகவில்லை என்பதெல்லாம் கீழே. வேறு ஊரில் இப்படி ஒரு குழுவை நடத்துகிறவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது மிச்சமாகும்.

குழு சின்னது. மாவட்டத் தலைநகரில் ஒரு கல்லூரி வகுப்பறை, மாதம் ஒரு கூட்டம், வழக்கமாக வருகிறவர்கள் 12 முதல் 18 பேர். சம்பளம் வாங்குகிறவர் யாரும் இல்லை. நாள், மூன்றாம் ஞாயிறு. சென்னையில் லினக்ஸ் (விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளம்) பயனர் குழுவுக்கு இரண்டாம் சனி, பைத்தான் குழுவான சென்னைபைக்கு நான்காம் சனி என்று ஏற்கெனவே வழக்கம் இருப்பதால், அங்கிருந்து யாராவது பேச வர வேண்டுமென்றால் அவர்களுக்கும் இடிக்காத நாளாகப் பார்த்து வைத்தது. ஆவணி, வைகாசி முகூர்த்த ஞாயிறுகளில் கூட்டம் பாதியாகிவிடும். நவம்பர், டிசம்பரில் செமஸ்டர் தேர்வு. இவற்றை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளலாமே தவிர நாளை மாற்றக்கூடாது. ஒருமுறை மாற்றினோம், அடுத்த இரண்டு மாதம் பழைய ஆட்களே தவறான ஞாயிற்றில் வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மாதக் கூட்டத்துக்குப் புதியவர்கள் வருவது அபூர்வம். வந்தாலும் டெகரேட்டர் போன்ற பைத்தான் நுணுக்கங்கள் பற்றிய பேச்சில் பாதி புரியாமல் மறுமாதம் வரமாட்டார்கள். அதனால்தான் பயிலரங்கம்: அரை நாள், சொந்த லேப்டாப், பைத்தானை நிறுவி ஒரு சின்ன நிரலை எழுதி முடித்துவிட்டு வீட்டுக்குப் போவது. திட்டம் அவ்வளவுதான்.

முதல் பயிலரங்கம் விழுந்த விதம்

முதல் இடி இணையம். ஞாயிற்றுக்கிழமை கல்லூரி வைஃபைக்குக் கடவுச்சொல் தர ஆள் இல்லை. மூன்று போன்களில் ஹாட்ஸ்பாட் போட்டோம். ஒவ்வொரு போனிலும் பத்து பேருக்கு மேல் ஏறவில்லை. கணக்கை முன்பே போட்டிருக்க வேண்டும்: பைத்தான் நிறுவி 25 மெகாபைட், நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோட் 100, அதற்கான நீட்சிகள், ஜுபிட்டர், பாண்டாஸ் போன்ற கூடுதல் தொகுப்புகள் எல்லாம் சேர்த்து ஒரு லேப்டாப்புக்கு ஏறத்தாழ 250 மெகாபைட். 34 பேருக்கு எட்டரை ஜிபி. எங்களிடம் இருந்தது நாளுக்கு 2 ஜிபி வீதம் மூன்று போன், ஆக ஆறு ஜிபி. அதிலும் பாதியைப் பின்னணியில் ஓடிய விண்டோஸ் அப்டேட் தின்றது. 50 நிமிடத்தில் மூன்று போனும் வேகம் குறைந்து படுத்துவிட்டன.

இணையம் போகும் என்று ஓரளவு எதிர்பார்த்து, தேவையான தொகுப்புகளை முதல் நாளே தரவிறக்கி நான்கு பென்டிரைவில் வைத்திருந்தோம். அதை நீட்டியபோது இரண்டாவது இடி. தரவிறக்கியவரின் கணினி லினக்ஸ். பைத்தான் தொகுப்புகளைத் தரவிறக்கி நிறுவும் கருவியான 'பிப்', தான் ஓடும் கணினிக்கு ஏற்ற 'வீல்' கோப்பையே (நிறுவத் தயாரான தொகுப்பு) எடுக்கும். எனவே நம்பை, பாண்டாஸ் எல்லாம் லினக்ஸுக்கான வீல்களாக வந்திருந்தன. கோப்புப் பெயரிலேயே 'மெனிலினக்ஸ்' என்று எழுதியிருக்கும், யாரும் பார்க்கவில்லை. விண்டோஸ் லேப்டாப் ஒவ்வொன்றும் 'இந்த வீல் இந்தத் தளத்துக்கானது அல்ல' என்று திருப்பி அனுப்பியது. குழுவில் நடத்துகிற ஐந்து பேரும் லினக்ஸ்காரர்கள். வந்த 34 பேரில் லினக்ஸ் வைத்திருந்தவர் மூவர்.

நிறுவி முடித்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. பைத்தான் நிறுவியின் முதல் திரையில், கீழே ஓரமாக, 'பாத்'தில் (கட்டளைகளைக் கணினி தேடும் இடங்களின் பட்டியல்) சேர்க்கவா என்று ஒரு கட்டம் இருக்கும். இயல்பாக அதில் டிக் இருக்காது. அவசரத்தில் எல்லோரும் மேலே உள்ள பெரிய பொத்தானை அழுத்திவிடுவார்கள். பிறகு கருப்புத் திரையில் பைத்தான் என்று அடித்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கும், 'நிறுவியும் இல்லை என்கிறதே' என்று கை தூக்குவார்கள். 'பை' (py) என்ற இரண்டெழுத்துக் கட்டளையை அடித்தால் பாத் இல்லாமலேயே ஓடும். அன்று அது உதவியாளர் மூவரில் ஒருவருக்குத்தான் தெரியும்.

மூன்றாவது, மின்சாரம். பழைய லேப்டாப்களின் பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்காது, எல்லோரும் சார்ஜர் போட்டாக வேண்டும். 65 வாட் வீதம் 34 சார்ஜர் என்றால் முழுச் சுமையில் 2,200 வாட், 230 வோல்ட்டில் ஒன்பதரை ஆம்பியர். நாங்கள் ஒரே 6 ஆம்பியர் பாயிண்டிலிருந்து ஜங்ஷன் பாக்ஸுக்குள் ஜங்ஷன் பாக்ஸ் சொருகி வரிசையாக இழுத்திருந்தோம். பதினொன்றரை மணிக்கு எம்சிபி (சுமை மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தது. விழுந்ததே நல்லது, விழாமல் வயர் சூடாகியிருந்தால் பேச்சே வேறு.

நான்காவது கோளாறு ஓடிய ஒன்பது பேருக்கு வந்தது. உண்மையில் சுவாரசியமானதும் அதுதான்.

புள்ளி வைத்த இடத்தில் நின்ற நிரல்

பயிற்சி எளியது. மரங்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தமிழில் ஒரு உரைக்கோப்பாகக் கொடுத்திருந்தோம். அதைத் திறந்து, ஒவ்வொரு வரியையும் படித்து, பெயரின் நீளத்தை அச்சிட வேண்டும். எங்கள் கணினிகளில் பத்து முறை ஓட்டிப் பார்த்த நிரல். ஒன்பது பேரில் ஆறு பேர் விண்டோஸ். அந்த ஆறிலும் கோப்பைப் படிக்கும் வரியிலேயே பிழை: '0எக்ஸ்8டி என்ற பைட்டைப் புரிந்துகொள்ள முடியவில்லை'.

காரணம் இது. எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் முறைக்குக் குறிமுறை என்று பெயர். லினக்ஸில் பைத்தான் கோப்பைத் திறக்கும்போது, எல்லா மொழிகளுக்கும் பொதுவான யுடிஎஃப்-8 குறிமுறை என்றே எடுத்துக்கொள்ளும். விண்டோஸில், நாம் எதுவும் சொல்லாவிட்டால், கணினியின் பழைய குறிமுறையை எடுக்கும். நம் ஊர் லேப்டாப்களில் அது பெரும்பாலும் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான சிபி1252. யுடிஎஃப்-8-ல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் (புள்ளி, துணைக்கால் போன்றவையும் தனிக் குறிகளே) மூன்று பைட். அந்த பைட்டுகளை சிபி1252 தனித்தனி ஐரோப்பிய எழுத்துகளாகப் படித்துக்கொண்டே போகும். ஆனால் அந்தக் குறிமுறையில் ஐந்து பைட் மதிப்புகளுக்கு எழுத்தே கிடையாது (பதினாறடிமான எண்களில்): 81, 8டி, 8எஃப், 90, 9டி. தமிழ்ப் புள்ளியின் மூன்றாவது பைட் 8டி. உகரக் குறியின் மூன்றாவது பைட் 81. ஆக, மெய்யெழுத்தோ உகரமோ வந்த முதல் இடத்தில் நிரல் நிற்கும்.

இதில் ஒரு நுணுக்கம். ஒருவர் அவசரத்துக்குப் பட்டியலைச் சுருக்கி 'பலா, வாழை, மா' என்று மூன்றை மட்டும் வைத்துக்கொண்டார். அந்த மூன்றிலும் புள்ளியும் இல்லை, உகரமும் இல்லை. பிழை எதுவும் வரவில்லை. 'பலா'வின் நீளம் 9 என்று வந்தது. மூன்று குறி, குறிக்கு மூன்று பைட், ஒவ்வொரு பைட்டையும் ஒரு எழுத்தாக எண்ணிவிட்டது. அவர் 'தென்னை'யைச் சேர்த்தார், னகர ஒற்றில் நின்றது. 'முருங்கை'யை முதலில் வைத்தார், மு-விலேயே நின்றது. பிழை காட்டி நிற்கிற நிரலைவிட, 9 என்று கூசாமல் சொல்கிற நிரல்தான் ஆபத்து.

மருந்து ஒரு சொல்தான்: கோப்பைத் திறக்கும் இடத்தில் குறிமுறை யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதுவது. பைத்தான் 3.15 முதல் விண்டோஸிலும் இதுவே இயல்பு. பைத்தான் மொழி மாற்றங்களுக்கான ஆவணங்களில் ஒன்றான பெப் 686 இதை முடிவு செய்துவிட்டது. ஆனால் வருகிறவர்களின் லேப்டாப்பில் இருப்பது பழைய பதிப்புகள். இப்போது நாங்கள் கொடுக்கும் ஒவ்வொரு மாதிரி நிரலிலும் அந்தச் சொல் உண்டு. மரப்பட்டியல் பயிற்சியையும் மாற்றவில்லை. முதலில் குறிமுறை இல்லாமல் பலாவை ஓட்டச் சொல்கிறோம், பிறகு தென்னையை. அதன்பின் 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் சரியாகப் படித்தாலும் ஏன் 5 என்று வருகிறது, எழுத்து மூன்றுதானே என்ற கேள்வி தானாக வரும். அங்கே ஓப்பன்-தமிழ் நிரலகத்தைக் காட்டினால் மூன்று என்று பிரித்துத் தரும். இருபது நிமிடம் ஓடிவிடுகிறது, யாரும் கொட்டாவி விடுவதில்லை.

இரண்டாவதற்கான தயாரிப்பு: எதை விட்டோம்

முதல் முடிவு, விஎஸ் கோடைத் தூக்கியது. குழுவுக்குள் இதற்கு எதிர்ப்பு இருந்தது. 'வேலைக்குப் போனால் அதைத்தானே பயன்படுத்துவார்கள்' என்று. 2 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் அது திறக்கும் வேகத்தைக் காட்டியதும் வாதம் முடிந்தது. பதிலாகத் தானி. தொடக்கநிலையாளருக்கான எளிய எடிட்டர், அளவு சின்னது. அதைவிட முக்கியம், பைத்தானை உள்ளேயே வைத்துக்கொண்டு வருகிறது. விண்டோஸ் 10, 11-க்கான நிறுவியில் 64 பிட் பைத்தான் 3.10, விண்டோஸ் 7-லிருந்து ஓடும் நிறுவியில் 32 பிட் 3.8. பாத் பிரச்சினை இல்லை, ஸ்டோர் திறக்கும் வம்பு இல்லை, அட்மின் கடவுச்சொல் இல்லாமலும் நிறுவலாம். எந்தப் பைத்தான் பதிப்பு ஓடப்போகிறது என்பது முன்கூட்டியே தெரிவதால் எந்த வீல் வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது. முதல் பயிலரங்கில் 3.11, 3.12 என்று கலவையாக இருந்தது. வீல் கோப்பு ஒவ்வொரு பதிப்புக்கும் தனி என்பதால் விண்டோஸ் வீல் கையில் இருந்திருந்தாலும் பாதிப் பேருக்குப் பொருந்தியிருக்காது.

விண்டோஸ் 7-ஐ எதற்கு இன்னும் கட்டிக்கொண்டு அழவேண்டும் என்று கேட்கலாம். அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் இங்கே நிறைய வீடுகளில் இன்னும் ஓடுகின்றன. அண்ணனுக்கு ப்ளஸ் டூவில் கொடுத்தது, இப்போது தங்கை கல்லூரிக்குக் கொண்டு வருகிறாள். விண்டோஸ் 7-ல் ஓடும் கடைசிப் பைத்தான் வரிசை 3.8. அதற்கு மேல் நிறுவியே மறுத்துவிடும். 3.8-க்குப் பொருந்தும் கடைசிப் பதிப்புகள்: நம்பை (எண் கணக்கு) 1.24.4, பாண்டாஸ் (அட்டவணைத் தரவு) 2.0.3, மேட்பிளாட்லிப் (வரைபடம்) 3.7.5. இந்த மூன்று எண்களையும் காகிதத்தில் எழுதிப் பெட்டி மூடியில் ஒட்டியிருக்கிறோம்.

வீல்களைச் சேகரித்தபோது இன்னொரு தவறான பாதையில் போனோம். லினக்ஸ் கணினியிலிருந்தே விண்டோஸ் வீல்களை எடுக்கலாம். பிப்பின் தரவிறக்கக் கட்டளையில் தளம் எது, பைத்தான் பதிப்பு எது என்று சொல்லி, வீல் மட்டும் போதும், மூலநிரல் வேண்டாம் என்ற விருப்பத்தையும் சேர்க்க வேண்டும். கடைசி விருப்பம் இல்லாவிட்டால் கட்டளையே ஓடாது. லேப்டாப் வகைக்கு ஒரு ஃபோல்டர் என்று சேர்த்தோம். விண்டோஸ் 10, 11-க்கான 64 பிட் ஃபோல்டர் இப்படிச் சரியாக வந்தது. விண்டோஸ் 7 ஃபோல்டரும் வந்தது போலத்தான் இருந்தது. ஒரு பழைய லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால் மேட்பிளாட்லிப் பாதியில் நின்றது: அதற்குத் தேவையான 'இம்போர்ட்லிப்-ரிசோர்சஸ்' என்ற தொகுப்பைக் காணோம்.

ஏனென்றால் சில சார்புகளுக்கு (ஒரு தொகுப்பு ஓடத் தேவையான பிற தொகுப்புகள்) நிபந்தனை உண்டு, 'பைத்தான் 3.10-க்குக் கீழே இருந்தால் மட்டும் இதையும் எடு' என்பது போல. அந்த நிபந்தனையை பிப், நாம் சொன்ன பதிப்பை வைத்துப் பார்க்காமல், தான் ஓடிக்கொண்டிருக்கும் பைத்தானை வைத்துப் பார்க்கிறது. தரவிறக்கிய கணினியில் 3.12. ஆகவே தேவையில்லை என்று விட்டுவிட்டது. விண்டோஸில் மட்டும் தேவைப்படும் கலராமா போன்றவையும் இதே வழியில் நழுவும். இதற்குத் தந்திரம் எதுவும் வேண்டாம்: எந்த வகை லேப்டாப்புக்கோ அந்த வகை லேப்டாப் ஒன்றை இரவல் வாங்கி, அதிலேயே தானியைத் திறந்து, அதன் கருவிகள் மெனுவில் உள்ள சிஸ்டம் ஷெல்லில் (கட்டளை அடிக்கும் திரை) தரவிறக்கினால் ஒன்றும் விடுபடாது. ஒரு மாலை வேலை. இரண்டு இரவு கூகுளில் தேடியதற்கு அதைச் செய்திருக்கலாம்.

அதே பழைய லேப்டாப் இன்னும் இரண்டைக் காட்டிக்கொடுத்தது. 'ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி' என்று தொடங்கும் டிஎல்எல் (நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் விண்டோஸ் கோப்பு) இல்லை என்ற பிழை; பல ஆண்டு அப்டேட் ஆகாத விண்டோஸ் 7-ல் இது வரும். கேபி2999226 என்ற அப்டேட் கோப்பைக் கையோடு வைத்திருந்தால் தீரும், ஆனால் சர்வீஸ் பேக் 1 இருக்க வேண்டும். அடுத்தது, மேட்பிளாட்லிப் இறக்குமதி ஆகும்போது டிஎல்எல் ஏற்ற முடியவில்லை என்பது. மைக்ரோசாஃப்டின் விசி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற துணைத் தொகுப்பை நிறுவினால் போகும். இரண்டும் இப்போது ஃபோல்டரில் உண்டு. இவ்வளவும் போட்டும் ஒரு ஃபோல்டர் 100 மெகாபைட்டைத் தாண்டவில்லை.

சோதனையின்போது லேப்டாப்பை ஏரோப்ளேன் மோடில் வையுங்கள். வைஃபை இருந்தால் பிப் சத்தமில்லாமல் இணையத்திலிருந்து குறைந்ததை எடுத்துக்கொண்டு 'வெற்றி' என்று சொல்லிவிடும்.

பென்டிரைவிலிருந்து மெமரி கார்டுக்கு

பகிர்வதற்கு முதலில் யோசித்தது பழைய ரூட்டர். ஒரு லேப்டாப்பை லேன் கேபிளில் மாட்டி, கோப்புகளை வலைப்பக்கம் போலக் காட்டும் பைத்தானின் சின்ன எச்டிடிபி சர்வரை ஓட்டி, எல்லோரும் உலாவியில் வந்து எடுத்துக்கொள்வது. பத்து லேப்டாப்பில் சோதித்தோம். ரூட்டரில் இணையம் இல்லை என்று தெரிந்ததும் சில விண்டோஸ் லேப்டாப்கள் தாமாகவே வேறு வைஃபைக்குத் தாவின. இன்னொன்று, முதலில் கெஸ்ட் நெட்வொர்க்கில் வைத்துவிட்டோம். அதில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுப்பு இருக்கும். அரை மணி நேரம் சர்வரையே சந்தேகப்பட்டோம். ரூட்டரை இப்போது மாற்று வழியாக மட்டும் வைத்திருக்கிறோம், யுஎஸ்பி பெரிய துளை இல்லாத லேப்டாப்களுக்கு.

பென்டிரைவுக்கு வேறு வியாதி. முதல் பயிலரங்கில் நான்கில் மூன்று பென்டிரைவ் ஷார்ட்கட் வைரஸோடு திரும்பின. ஜெராக்ஸ் கடையிலும் ப்ரௌசிங் சென்டரிலும் பிடித்த வைரஸ் ஒரு லேப்டாப்பில் இருந்தாலே போதும். ஃபோல்டர்களை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட்டை வைக்கும், அதை அழுத்துகிற அடுத்தவருக்கும் தொற்றும். ஒரு பயனர் குழு ஊருக்கு வைரஸ் பரப்பியதாகப் பெயர் வாங்கினால் அப்புறம் யாரும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள்.

எழுத முடியாத ஊடகம் வேண்டும். டிவிடி வைக்க இன்று டிரைவ் இல்லை. பூட்டுள்ள பென்டிரைவ் கடையில் கிடைக்கவில்லை. கிடைத்தது மைக்ரோ எஸ்டி கார்டு; அதோடு வரும் பெரிய அடாப்டரின் பக்கவாட்டில் ஒரு குட்டிப் பூட்டு நகர்த்தி இருக்கும். அதைக் கீழே தள்ளினால் எழுத முடியாது. 16 ஜிபி கார்டு எட்டு, யுஎஸ்பி கார்டு ரீடர் ஒன்பது வாங்கினோம். ஆனால் அந்த நகர்த்தி வெறும் பிளாஸ்டிக். கார்டுக்குள் எதையும் அது தடுப்பதில்லை. ரீடர்தான் அது எங்கே இருக்கிறதென்று பார்த்து மதிக்க வேண்டும். ஒன்பது ரீடரில் ஒன்று மதிக்கவில்லை, பூட்டியபடியே கோப்பை எழுதியது, அழித்தது. அதன் மேல் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்து ஒதுக்கினோம். வாங்கியதும் ஒவ்வொரு ரீடரிலும் பூட்டிய கார்டைப் போட்டு ஒரு கோப்பை நகலெடுக்க முயன்று பாருங்கள், ஒரு நிமிட வேலை.

கார்டுகளையும் சோதிக்க வேண்டும். 16 ஜிபி என்று ஒட்டி 4 ஜிபி சரக்கை விற்கும் போலிகள் உண்டு. கோப்பு ஏறியது போலக் காட்டும், திறந்தால் குப்பை. லினக்ஸில் எஃப்3 என்ற கருவி கார்டு முழுவதையும் எழுதித் திரும்பப் படித்துச் சொல்லும். ஒரு கார்டுக்கு அரை மணி நேரம் ஆனது. எட்டும் தேறின.

1955-ல் ஐபிஎம் 704 கணினிக்குக் காத்திருந்த அமெரிக்க விமான நிறுவனங்களின் நிரலர்கள் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் கூடி 'ஷேர்' என்ற பயனர் குழுவைத் தொடங்கியதும், எல்லோரும் தனித்தனியே எழுதும் ஒரே துணைநிரலை ஒருமுறை எழுதிப் பகிர்ந்துகொள்ளலாம் என்பதற்குத்தான். எழுபது வருடம் கழித்தும் நாம் நகலெடுத்துக் கைமாற்றிக்கொண்டுதான் இருக்கிறோம், கார்டு மட்டும் சின்னதாகிவிட்டது.

அன்றைய நாள்

பதிவு செய்தவர்கள் 55. இரண்டு நாள் முன் எல்லோருக்கும் செய்தி அனுப்பி, வருகிறேன் என்று பதில் போட்டால்தான் இடம் என்றோம். 41 பதில். வந்தவர்கள் 31. இதில் 22 லேப்டாப் விண்டோஸ் 10 அல்லது 11, ஐந்து விண்டோஸ் 7, மூன்று லினக்ஸ், ஒரு மேக். பதிவுப் படிவத்தில் விண்டோஸ் எந்தப் பதிப்பு, ரேம் எவ்வளவு, சி டிரைவில் காலி இடம் எவ்வளவு, லேப்டாப் யாருடையது என்று கேட்டிருந்ததால் ஃபோல்டர்களின் தேவை முன்பே தெரியும். கடைசிக் கேள்வி வம்புக்கு அல்ல. அலுவலக லேப்டாப் என்றால் எதையும் நிறுவவிடாது.

மூன்று ஜங்ஷன் பாக்ஸ், மூன்று வெவ்வேறு பாயிண்டில், ஒன்றுக்கொன்று சொருகாமல். ஒன்று 16 ஆம்பியர் பாயிண்ட், கன்வர்ஷன் ப்ளக் போட்டது. ஒரு பாக்ஸுக்குப் பத்து சார்ஜர் என்று எல்லை. 650 வாட், மூன்று ஆம்பியருக்கும் கீழே.

உதவியாளர் ஆறு பேர், ஆளுக்கு ஐந்து லேப்டாப். உதவி வேண்டுமென்றால் கை தூக்க வேண்டாம். ஆய்வாளர்களுக்கு நிரலாக்கம் கற்றுத்தரும் 'சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி' அமைப்பின் பயிலரங்குகளில் லேப்டாப் மூடியில் சிவப்பு, பச்சை ஒட்டுத்தாள் ஒட்டுவார்கள். நம் வகுப்பறையில் மின்விசிறி ஐந்தில் சுற்றும், ஒட்டுத்தாள் பறந்துவிடும். விசிறியை நிறுத்தினால் ஆட்கள் பறந்துவிடுவார்கள். காகிதக் கோப்பை வாங்கினோம், சிவப்பு ஒரு கட்டு, பச்சை ஒரு கட்டு. மாட்டிக்கொண்டால் சிவப்பை மேலே கவிழ்த்து வை, ஓடினால் பச்சை. வகுப்பின் பின்னால் நின்றே நிலவரம் தெரிந்தது.

ப்ரொஜெக்டர் பழையது, 1024-க்கு 768. திரை 2 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம், கடைசி வரிசை 9 மீட்டர் தள்ளி. நிரலை 25 வரிக்கு மேல் காட்டக்கூடாது என்று வைத்துக்கொண்டோம். அப்போது ஒரு வரிக்கு 6 சென்டிமீட்டர் கிடைக்கும், கடைசி பெஞ்சுக்கும் தெரியும். வெள்ளைப் பின்னணி, கருப்பு எழுத்து. பகல் வெளிச்சம் வரும் அறையில் கருப்புத் தீம் சாம்பல் சுவராகத்தான் தெரியும்.

கார்டு கைமாறியது, நகலெடுத்தது எல்லாம் 12 நிமிடத்தில் முடிந்தது. தானியை நிறுவ இரண்டு நிமிடம். அதன்பின் ஒரு பேட்ச் கோப்பு (கட்டளைகளை வரிசையாகத் தானே ஓட்டுவது), 'இணையத்துக்குப் போகாதே, இந்த ஃபோல்டரில் மட்டும் தேடு' என்று பிப்புக்குச் சொல்லி மூன்று தொகுப்புகளையும் ஏற்றும். எஸ்எஸ்டி உள்ளவற்றில் 40 வினாடி. பழைய ஹார்டு டிஸ்க் லேப்டாப்களில் ஏழு நிமிடம் வரை போனது. ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகளை ஆன்டிவைரஸ் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்கிறது. ஓடிக்கொண்டிருக்கிறதா நின்றுவிட்டதா என்று தெரியாமல் இருவர் சாளரத்தை மூடிவிட்டார்கள். பேட்ச் கோப்பின் தொடக்கத்தில் 'பத்து நிமிடம் ஆகலாம், மூடாதீர்கள்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

ஓடாத நான்கு: ஒன்று விண்டோஸ் எஸ் மோட், ஸ்டோருக்கு வெளியே எதையும் நிறுவ விடாது, வெளியே வரலாம், ஆனால் திரும்பப் போக முடியாது என்பதாலும் உரிமையாளர் அப்பா என்பதாலும் தொடவில்லை. ஒன்று அலுவலக லேப்டாப். ஒன்றில் சி டிரைவில் 300 மெகாபைட்தான் காலி. நான்காவது மேக், அதற்கு ஃபோல்டரே தயாரிக்கவில்லை. நால்வரையும் பக்கத்து லேப்டாப்பில் உட்காரவைத்தோம். இருவரிடம் ஆண்ட்ராய்டு போன் இருந்தது, போனில் பைத்தான் ஓட்டும் செயலியான பைட்ராய்டு 3 போட்டு மரப்பட்டியலை அதிலேயே முடித்தார்கள்.

பணம்

கார்டு எட்டு, 330 வீதம் 2,640 ரூபாய். ரீடர் ஒன்பது, 140 வீதம் 1,260. ஜங்ஷன் பாக்ஸ் மூன்று, 450 வீதம் 1,350. இந்த 5,250 ரூபாய் பெட்டியிலேயே இருக்கிறது, மறுபடியும் செலவில்லை. கரைந்தது: டீ 12 ரூபாய் வீதம் 40 பேருக்கு இருவேளை 960, சுண்டல் 600, கோப்பை 120, அச்சிட்ட கட்டளைத் தாள் 80, அறையைத் திறந்து பெருக்கிக் கொடுத்தவருக்கு 300. ஆக 2,060, வந்த ஆளுக்கு 66 ரூபாய். மொத்தம் 7,310. ஒருவரின் யுபிஐக்குத்தான் பணம் வந்தது. குழுவுக்கு வங்கிக் கணக்கு இல்லை. அதனால் ஒவ்வொரு ரூபாயும் எல்லோரும் பார்க்கும் தாளில் அன்றிரவே ஏறியாக வேண்டும் என்பது விதி. இந்த விதி தளர்ந்தால் குழு உடையும், இதில் நட்பெல்லாம் உதவாது.

முதல் பயிலரங்குக்கு வந்த 34 பேரில் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வந்தவர்கள் இருவர். இந்தமுறை 31-ல் 11. அதற்கடுத்த மாதம் ஏழு. லேப்டாப் ஓடினால் ஆள் நிற்கிறார் என்று அடித்துச் சொல்ல இரண்டு பயிலரங்கம் போதாது, ஆனால் நாங்கள் அப்படித்தான் நம்புகிறோம்.

அடுத்தமுறை மாறுவன: மேக்குக்கு ஒரு ஃபோல்டர். பதிவுப் படிவத்தில் எஸ் மோட் இருக்கிறதா என்று ஒரு கேள்வி, எங்கே பார்ப்பது என்று படத்தோடு. தானிக்கு நிறுவத் தேவையில்லாத, ஃபோல்டராகவே தூக்கிப்போகக்கூடிய வடிவமும் உண்டு. அதற்குள்ளேயே தொகுப்புகளைப் போட்டு ஒரே ஜிப்பாகக் கொடுத்தால் பேட்ச் கோப்பே வேண்டாம். அலுவலக லேப்டாப்பிலும் ஓடலாம். இதுவரை இரண்டு லேப்டாப்பில்தான் சோதித்திருக்கிறோம். பாண்டாஸையே முதல் பயிலரங்கிலிருந்து எடுத்துவிடலாம் என்று ஒரு தரப்பு சொல்கிறது, மரப்பட்டியலுக்கு அது தேவையே இல்லை என்பது உண்மைதான். உதவியாளர் ஆறு பேரில் இருவர் முதல் பயிலரங்கில் லேப்டாப் ஓடாமல் போனவர்கள். அடுத்த பெட்டியை அவர்களிடமே கொடுத்திருக்கிறோம், நெயில் பாலிஷ் வைத்த ரீடர் உட்பட.